கல்கத்தாவிலிருந்து திரும்பிய பிறகு

கும்பகோணம்
8 பிப்ரவரி 2025

அன்புள்ள சரசு,

நான் ஊரில் இல்லாத நேரத்தில் உன் கடிதம் வந்து, பக்கத்து வீட்டில் பத்திரமாக இருந்தது. அத்தை கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இரவில் நீ தூங்குகிறாயா என்று மட்டும் எழுதவே இல்லை.

சரி, கல்கத்தா. போய்விட்டு வந்துவிட்டேன். ஆறு நாள், தனியாக. பார்க்கிறவர்கள் எல்லோரும் எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள், நன்றாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். உன்னிடம் அப்படிச் சொல்லி முடிக்க மனம் வரவில்லை.

ஹவுராவில் இறங்கும்போது நல்ல இருட்டு. சென்ட்ரலிலிருந்து 1,600 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் எதிர் இருக்கைக் குடும்பம் எனக்கும் சேர்த்துப் பூரி எடுத்து வைத்ததில், தனியாகப் போகிறோம் என்ற நினைப்பே வரவில்லை. அவர்கள் ப்ளாட்பாரக் கூட்டத்தில் மறைந்த பிறகுதான் வயிற்றில் என்னவோ செய்தது. மஞ்சள் அம்பாசடர் டாக்சி ஒன்று கிடைத்தது. அந்த வண்டிகளும் குறைந்துகொண்டே வருகின்றனவாம். முதலில் போன விடுதியில் "கூட யாரும் இல்லையா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, படிக்கட்டை ஒட்டி ஜன்னல் இல்லாத ஓர் அறையைக் கொடுத்தார்கள். நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். 59 வயதில், பேரன் எடுத்த பிறகு, அந்தக் கேள்வி அப்படிக் குத்தியது. எதற்கு வந்தோம் என்று அழுகை வந்தது, சரசு. மகன் போன் செய்தபோது எல்லாம் வசதி என்று சொன்னேன்.

காலையில் முதல் வேலையாக அங்கிருந்து கிளம்பி, லேக் மார்க்கெட் பக்கம் வேறு விடுதிக்கு மாறினேன். நம் ஆட்கள் தலைமுறைகளாக இருக்கிற இடம் அது. கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்ததும் "எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டார். உடம்பே லேசானது. ஆனால் அடுத்த நாளும் அங்கேயே இட்லி சாப்பிட உட்கார்ந்தபோது ஏனோ பிடிக்கவில்லை. எழுந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அந்த பஸ்ஸிலிருந்துதான் எனக்குக் கல்கத்தா தொடங்கியது. நான் இறங்கும்போது கண்டக்டர் "ஆஸ்தே லேடீஸ்!" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தார். மெதுவாக, பெண்கள் இறங்குகிறார்கள் என்று அர்த்தம். என்னை "மாசிமா" என்றார். மாசி என்றால் அம்மாவின் சகோதரியாம், நம் சித்தி பெரியம்மா மாதிரி. யாரென்றே தெரியாத ஊரில் ஒருவர் சித்தி என்று கூப்பிட்டால் பயம் எங்கே நிற்கும்?

அப்புறம் நடந்தேன். குளிர் நம் மார்கழியைவிடக் கூட. குல்லாவால் காதுவரை மூடிக்கொண்டு மனிதர்கள் மண் குவளையில் டீ குடிக்கிறார்கள். நானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு குவளை, இன்னொரு குவளை என்று குடித்தேன். யாருக்காவது பசிக்குமே, யாருக்காவது கால் வலிக்குமே என்று நான் நினைக்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு காலைநேரம் எனக்கு இருந்ததே இல்லை. சிலை செய்கிறவர்கள் இருக்கும் குமார்துலியில் வைக்கோலைக் கட்டி, அதன்மேல் களிமண்ணை அப்பி ஒரு அம்மன் கை உருவாவதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். கூட யாராவது இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் கிளம்பியிருப்போம்.

எல்லா நேரமும் அப்படி இல்லை. கல்லூரித் தெருவில் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்துவிட்டு, அங்கிருக்கும் காபி ஹவுஸுக்குப் போனேன். உயரமான பெரிய கூடம், தலைப்பாகை கட்டிய பரிமாறுகிறவர்கள், ஒவ்வொரு மேசையிலும் நாலைந்து பேர் சத்தமாகப் பேசிக்கொண்டு. நான் மட்டும் ஒருத்தி. எதிரில் இருந்த காலி நாற்காலியை ஒரு பையன் மரியாதையாகக் கேட்டு எடுத்துக்கொண்டு போனான். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் காபி தொண்டையில் இறங்கவில்லை.

வெளியே வந்தபோது கைரிக்‌ஷா இழுக்கும் ஒரு முதியவர், ஏறுங்கள் என்று கை காட்டினார். மனிதன் இழுக்க நான் உட்காருவதா என்று தலையாட்டிவிட்டு நடந்தேன். தெரு முனையில் திரும்பிப் பார்த்தால், அவர் அதே இடத்தில் வெறும் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். நான் செய்தது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஹூக்ளிக்கு அடியில் ஓடும் மெட்ரோவிலும் போனேன். போன வருஷம் மார்ச்சில்தான் திறந்தார்கள். ஆற்றைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுரங்கச் சுவரில் நீல விளக்கு தெரிந்ததும் பெட்டி முழுக்கப் போனைத் தூக்கியது. ஆற்றுக்கு மேலே 1943-இல் திறந்த ஹவுரா பாலம். நட்டு போல்ட்டே இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்துக் கட்டியது, ஆற்றுக்குள் ஒரு தூண் கிடையாது. ஹாஸ்டலில் நீ காலண்டர் படத்தைக் கிழித்து நம் அலமாரிக் கதவில் ஒட்டினாயே, அதே பாலம். மேலே ஏறி நடுவில் நின்றேன். தலைச்சுமைக்காரர்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள். "பார்த்தியாடி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை.

கடைசி நாள் பாக்பஜாரில், போஸ்பாரா சந்தில், விவேகானந்தரின் சீடர் சகோதரி நிவேதிதா வாழ்ந்த வீட்டைத் தேடிப் போனேன். 1898-இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது அந்தப் பகுதியில்தான். பாரதி அவரைச் சந்தித்தது அங்கே அல்ல, டம்டமில் என்பார்கள். உனக்கும் தெரிந்த கதைதான்: மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதா கேட்டாராம், எங்கள் வழக்கத்தில் அது இல்லை என்ற மாதிரி பாரதி ஏதோ சொன்னாராம், அம்மையாருக்கு அது பிடிக்கவில்லையாம். உங்கள் கடையத்துச் செல்லம்மாவைப் பற்றித்தான் அந்தப் பேச்சு. நம் தமிழம்மா இதை வகுப்பில் சொன்ன அன்று ராத்திரிதானே, நாம் இரண்டு பேரும் ஒருநாள் கல்கத்தா போவோம் என்று முடிவு செய்தோம்?

அந்தச் சந்தில் நின்றபோது அதே கேள்வி என்னைக் கேட்டது. உன்னை ஏன் அழைத்து வரவில்லை?

உண்மையைச் சொல்கிறேன். நவம்பரில் போனில் கேட்டபோது, அத்தையை விட்டுவிட்டு எப்படி என்றாய். நான் ஒரு வார்த்தை மேலே பேசவில்லை. நீ வந்தால் உன் கவலைகளும் கூடவே வரும், தினமும் இரண்டு வேளை வீட்டுக்குப் போன் போடுவாய், எனக்கென்று கிடைக்கும் ஆறு நாளும் போய்விடும் என்று உள்ளுக்குள் ஓடியது. நீ வரவில்லை என்றதும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதி பொய்யில்லை. அந்த டீக்கடை பெஞ்சை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், உனக்கும்கூட. ஆனால் பாலத்தில் பக்கத்தில் யாரும் இல்லாமல் நின்றதும் பொய்யில்லை. என்மேல் கோபம் வந்தால் கோபப்பட்டுவிடு.

இதோடு வரும் பெட்டியில் ஒரு மண் குவளை இருக்கிறது, உடையாமல் வந்து சேர வேண்டும். உருண்டையாக இருப்பது நொலேன் குர், ஈச்சமரத்துப் பதநீரில் காய்ச்சிய வெல்லம். கருப்பட்டி தின்று வளர்ந்த நீ சாப்பிட்டுப் பார்த்து எது உசத்தி என்று சொல்.

அந்த வெல்லம் குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும். வரும் டிசம்பரில் ஐந்து நாள் போதும். பகலில் அவரவர் விருப்பப்படி சுற்றுவோம், சாயங்காலம் பாலத்தில் சந்திப்போம். அந்த ஐந்து நாளும் அத்தையைப் பார்த்துக்கொள்ள உன் நாத்தனாரிடம் நானே பேசட்டுமா? அவள் என்னிடம் மறுக்க மாட்டாள். பேசலாம் என்றால் ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் வசந்தா