பாட்டை முழுசாகப் போடுங்கள்: பாட்டுப் போட்டி நடத்தும் சேனலுக்கு மும்பையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அவர்களுக்கும் இயக்குநர் குழுவினருக்கும் வணக்கம்.

எந்தச் சேனல், எந்த நிகழ்ச்சி என்று நான் எழுதப் போவதில்லை. வருஷக்கணக்காக ஓடுகிற பாட்டுப் போட்டி, சனி ஞாயிறு ராத்திரி, சீசனுக்கு சீசன் மேடை மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது என்றால் தமிழ் பேசுகிற யாருக்கும் புரியும், உங்களுக்கும் புரியும். டிஆர்பி இறங்கிக்கொண்டிருப்பதும் உங்களுக்குத் தெரியும். தெரியாமலா நேரத்தை மாற்றி, தொகுப்பாளரை மாற்றி, நடுவர் நாற்காலியில் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள்? கேட்டால், இப்போது எல்லாரும் போனில்தான் பார்க்கிறார்கள், அதனால்தான் இந்தச் சரிவு என்கிறீர்கள். போன் மேல் பழி போடுவது சுலபம், அது மறுப்பு அறிக்கை விடாது.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. போட்டியாளர் பாடும் பாட்டை முழுசாகப் போடுங்கள். பல்லவி, முதல் சரணம், இரண்டாம் சரணம், நடுவில் வரும் இசை எல்லாம் சேர்த்து, எங்கும் வெட்டாமல்.

இதைக் கடிதமாகவே எழுத வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை எபிசோட். நான் இருப்பது மும்பை தாராவியில், 90 அடி சாலைக்குப் பின்னால். அடுத்த சந்தில் அத்தை வீடு. வீடு என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் கோலி, ஒரே அறை. அத்தையும் மாமாவும் இட்லி வியாபாரம். ஆபீஸ் போகிற கூட்டம் இறங்குவதற்குள் மாமா சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு போய் அவருடைய முனையில் நிற்க வேண்டும், அதற்கு ராத்திரி மூன்று மணிக்கு முதல் ஈடு அடுப்பில் ஏற வேண்டும், அதற்கு அத்தை ஒன்பது மணிக்காவது படுக்க வேண்டும். வாரம் முழுக்க அப்படித்தான் படுக்கிறாள். உங்கள் நிகழ்ச்சிக்காக ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. கோயில் பஜனையில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவள் அவள், பி. சுசீலா பாட்டு என்றால் வரி பிசகாமல் வரும்.

அந்த வாரம் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி சுசீலாவின் பழைய பாட்டு ஒன்றைப் பாடப் போகிறாள் என்று மூன்று நாளாக புரோமோ போட்டீர்கள். அத்தை அன்றைக்குச் சாயங்காலமே மாவை ஆட்டி மூடி வைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். முதலில் மசாலா ஸ்பான்சரின் சமையல் விளையாட்டு. அப்புறம் படம் வெளியாகப் போகிற ஒரு நடிகர் வந்து தொகுப்பாளரோடு ஆடினார். அப்புறம் ஒரு போட்டியாளரின் அப்பாவை மேடைக்கு வரவழைத்து, அவர் பட்ட கடனையெல்லாம் சொல்லச் சொல்லி, பின்னால் வயலின் வாசிக்கவிட்டு, எல்லாரையும் அழ வைத்தீர்கள். அந்தப் பெண் மைக்கைப் பிடித்தபோது பதினொன்றை நெருங்கிவிட்டது. மாமா அதற்குள் சுவரோரம் திரும்பிப் படுத்துக் குறட்டை.

பாடினாள். நிஜமாகவே நன்றாகப் பாடினாள். பல்லவி முடிந்தது, முதல் சரணத்தில் ஒரு சங்கதி, அதை அவள் எடுத்த விதத்துக்கு அத்தை தொடையில் தாளம் போட்டாள். சரியாக அந்த இடத்தில் கேமரா நடுவரின் கண்ணுக்குப் போனது. ஈரக் கண், மெதுவாக ஓடும் காட்சி, பின்னால் ஒரு முழக்கம், "ஒரு சின்ன இடைவேளைக்குப் பிறகு." சோப்பு, நகைக்கடை, மறுபடி அதே நகைக்கடை, உங்கள் சீரியலின் புரோமோ. திரும்பி வந்ததும் அதே கண், அதே சங்கதி இன்னொரு தடவை, உடனே கைதட்டல். இரண்டாம் சரணம் போன இடம் தெரியவில்லை.

"ஏல, மீதிப் பாட்டு எங்கல?" என்று என்னைக் கேட்டாள், ஏதோ நான் எடுத்து ஒளித்து வைத்த மாதிரி. எனக்கு என்ன பதில் தெரியும்? உங்கள் எடிட்டிங் அறையில்தான் இருக்கும். அந்தப் பெண் மேடையில் முழுசாகத்தான் பாடியிருப்பாள், வாத்தியக்காரர்கள் முழுசாகத்தான் வாசித்திருப்பார்கள். நடுவர் நாலு நிமிஷம் பாராட்டிப் பேசியதை ஒரு சொல் குறையாமல் போட்டீர்கள். எதைப் பாராட்டினாரோ அதை மட்டும் வெட்டிவிட்டீர்கள். அடுத்த ஞாயிறு அத்தை டிவி பக்கம் போகவில்லை, ஒன்பது மணிக்கே படுத்துவிட்டாள்.

இதில் எனக்குக் கொஞ்சம் தொழில் சம்பந்தமும் உண்டு. அந்தேரியில், சேனல்களில் விளம்பர நேரம் வாங்கிக் கொடுக்கும் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எந்தச் சேனலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் எண்கள் வியாழக்கிழமை வந்தால் எங்கள் தளத்தில் எல்லாரும் குனிந்த தலை நிமிர மாட்டார்கள். நாடு முழுக்க 55,000-க்கு மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறார்கள், சேனலின் ஒலியோடு நம் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு வருகிறது, மீட்டர் அதைப் பிடித்துக்கொள்கிறது, வீட்டில் யார் பார்க்கிறார்களோ அவரவர் தன் பொத்தானை அமுக்க வேண்டும். அதிலிருந்து அவர்கள் எடுக்கிற முக்கியமான எண், ஒரு நிமிஷத்துக்குச் சராசரியாக எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது. சராசரி என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு மணி நேர நிகழ்ச்சியை மூன்று மணி நேரமாக இழுத்தால், ஜனங்கள் தங்களுக்குப் பிடித்தவர் பாடும் நேரத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள், மீதி நேரம் காலியாகக் கிடக்கும், சராசரி விழும். இழுக்கிற நேரமெல்லாம் விளம்பரத்துக்கு இடம் என்று நினைக்கிறீர்கள். மாவு போதவில்லை என்று தண்ணீர் ஊற்றினால் இட்லி எண்ணிக்கை கூடும்தான், வாங்க வருகிறவன் மறுநாள் வர மாட்டான். ரேட்டிங் இறங்கினால் பத்து செகண்ட் விளம்பர ஸ்பாட்டின் விலை இறங்குகிறது, அதை ஈடுகட்ட இன்னும் நாலு ஸ்பாட் சேர்க்கிறீர்கள், அதனால் இன்னும் நாலு பேர் சேனலை மாற்றுகிறார்கள். இதில் போன் எங்கே வந்தது?

கேபிள் டிவி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது, அதில் 10 நிமிஷம் வியாபாரம், 2 நிமிஷம் உங்கள் சொந்தப் பெருமை. 2013-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைக் கறாராக அமல்படுத்தப் பார்த்தபோது சேனல்கள் டெல்லி உயர்நீதிமன்றம் வரை போனது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சட்டத்தை நீங்களும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளுங்கள். விளம்பரமே வேண்டாம் என்று சொல்கிற ஆளும் நான் இல்லை, என் சம்பளமே அதில்தான் வருகிறது. பாட்டுக்கு முன்னால் போடுங்கள், பின்னால் போடுங்கள். சரணத்துக்கு நடுவில் போடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அத்தை டிவியை அணைத்தது உங்களைத் துளிகூடப் பாதிக்காது. தமிழ்ச் சேனல்களின் வாரப் பட்டியல் தமிழ்நாடு-புதுச்சேரி சந்தையை வைத்துத்தான் வருகிறது. தாராவியிலோ செம்பூரிலோ மாட்டுங்காவிலோ மீட்டர் இருக்கிற ஒரு தமிழ் வீடு உங்கள் நிகழ்ச்சியைப் பார்த்தாலும் அது மகாராஷ்டிரா-கோவா கணக்கில்தான் ஏறும். பெங்களூரில் இருக்கிற தமிழருக்கும் டெல்லியில் இருக்கிறவருக்கும் இதே கதி. ஆனால் காசு வாங்கும்போது மட்டும் நாங்கள் இருக்கிறோம். 2019-ல் டிராயின் புதிய கட்டண முறை வந்ததிலிருந்து வேண்டிய சேனலுக்குத் தனியாகப் பணம் கட்டி எடுக்கிறோம். எங்கள் ஏரியா கேபிள்காரர் தரும் பேக்கில் இந்தியும் மராத்தியும்தான், தமிழுக்கு மேல்காசு. இட்லி விற்ற காசில் உங்களுக்கும் பங்கு போகிறது, கணக்கில் வராதவர்கள் கட்டும் காசு என்று நீங்கள் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

யூடியூபில் போய்ப் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். பார்த்தோம். மறுநாள் அந்தப் பாட்டைத் தனியாகப் போட்டிருந்தீர்கள். அதிலும் இரண்டாம் சரணம் இல்லை, நடுவரின் கண் இருந்தது. தலைப்பில் "அரங்கத்தையே அழ வைத்த" என்று வேறு. பாட்டை நீங்களே துண்டு துண்டாக நறுக்கி இலவசமாக வெளியே விட்டுவிட்டு, எல்லாரும் போனில் பார்க்கிறார்கள் என்று நீங்களே புலம்பினால் யார் என்ன செய்வது?

சன் டிவியில் ஏ.வி. ரமணன் நடத்திய சப்தஸ்வரங்கள் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வந்தவர் பாடினார், அவர் சிரித்துக்கொண்டே திருத்தினார், அடுத்தவர் வந்தார். பாடுகிறவரின் அப்பாவுக்கு எவ்வளவு கடன் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியும் இருக்கவில்லை. இந்திப் பக்கமும் 1995-ல் சோனு நிகாம் தொகுத்த சரிகமப அப்படித்தான் இருந்ததாக எங்கள் மராத்தி நண்பர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அங்கேயும் பிற்பாடு இந்த வியாதி வந்தது. 2021-ல் இந்தியன் ஐடலின் 12-வது சீசனில் கிஷோர் குமார் சிறப்பு எபிசோடுக்கு அவருடைய மகன் அமித் குமாரை அழைத்தார்கள். வந்தவர் எல்லாரையும் பாராட்டிவிட்டுப் போனார். பின்னால் பேட்டியில், எப்படிப் பாடினாலும் எல்லாரையும் பாராட்டச் சொன்னார்கள், சொன்னபடி செய்தேன் என்றார். அப்பா பாட்டுக்கு மகனுடைய காதை நம்பாமல் ஸ்கிரிப்டை நம்பியிருக்கிறார்கள்! அதே சீசனின் இறுதிச் சுற்று ஆகஸ்ட் 15 அன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை, 12 மணி நேரம் ஓடியது. தயவுசெய்து இதிலிருந்து எந்த யோசனையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாரும் அற்புதம் என்றால் யாருமே அற்புதம் இல்லை என்று பார்க்கிறவனுக்குத் தெரியாதா? சுருதி விலகியதைப் பஜனையில் பாடுகிற அத்தை கண்டுபிடிக்கிறாள், நடுவர் எழுந்து நின்று கைதட்டுகிறார். சிறுவர் சீசனைப் பற்றிப் பேசவே கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் "உனக்கு ஸ்கூல்ல யாரைப் பிடிக்கும்?" என்று கண்ணடித்துக் கேட்பதும், அது முழிப்பதைப் பார்த்து அரங்கமே சிரிப்பதும், எலிமினேஷன் என்று சொல்லி அது தேம்பித் தேம்பி அழுவதை முழு நிமிஷம் காட்டுவதும் யாருக்காக? ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் குழந்தைகளைக் காட்டும் விதத்தில் கவனம் வேண்டும் என்று 2019 ஜூனில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. உங்கள் அலுவலகத்துக்கும் வந்திருக்கும். ஏதாவது கோப்பில் பத்திரமாக இருக்கும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நடிகரை அழையுங்கள், சமையல் விளையாட்டு வையுங்கள், மேடைக்கு இன்னும் லைட் போடுங்கள், அதெல்லாம் உங்கள் உரிமை. ஆனால் ஒரு போட்டியாளர் பாடத் தொடங்கினால் முடிக்கும் வரை அவரையும் வாத்தியக்காரர்களையும் மட்டும் காட்டுங்கள். நடுவர் அழுதால் பாட்டு முடிந்தபின் அழுததைக் காட்டுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம். யார் எத்தனை மணிக்குப் பாடுவார் என்பதைத் தொடக்கத்திலேயே திரையில் போட்டுவிட்டால் மூன்று மணிக்கு எழ வேண்டியவர்களுக்கு இன்னும் உபகாரமாக இருக்கும். ஒரு சீசன் முழுக்க இப்படிச் செய்யப் பயமாக இருந்தால் வருகிற சனிக்கிழமை ஒரே ஒரு பாட்டுக்குச் செய்து பாருங்கள். பார்க் வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிகிறது, அதற்கடுத்த வியாழக்கிழமை எண் கையில் வந்துவிடும். அந்த நாலைந்து நிமிஷத்துக்கான கோடு கீழே இறங்கினால் நான் சொன்னது தப்பு, உங்கள் இஷ்டப்படி வெட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்தத் திருநெல்வேலிப் பெண் பாடியதன் இரண்டாம் சரணம் உங்களிடம் இன்னும் அழியாமல் இருந்தால், அதையும் யூடியூபில் ஏற்றிவிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன். தலைப்பு எதுவும் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தாராவியிலிருந்து, உங்கள் கணக்கில் வராத பார்வையாளன்