கரியடுப்பும் பணியிடப் பாதுகாப்பும்

ஆசிரியருக்கு,

வீட்டிலிருந்து பணிபுரிவோருக்கும் இணையவழி நேரலையில் பணியிடப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். வரவேற்கிறேன். ஆனால், பதிவுசெய்த காணொளியை ஓடவிட்டுப் பயிற்சி முடிந்ததாகக் கணக்குக் காட்ட இடம் தரக்கூடாது. கேள்வி கேட்க வழி இருந்தால்தான் அது பயிற்சி.

கோத்தகிரியில் என் வீட்டிலிருந்தபடி சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். கடந்த டிசம்பரில் நடந்த நேரலை வகுப்பில், தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் காலடியில் கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது. குளிருக்காகச் சன்னலையும் கதவையும் இறுகச் சாத்தியிருந்தேன். இது சரியா என்று கேட்டேன். பயிற்றுநர் பாடத்தை அப்படியே நிறுத்தி, முதலில் சன்னலைத் திறக்கச் சொன்னார். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; மூடிய அறையில் அது சேர்ந்து தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும் என்று விளக்கினார். மலையில் பல வீடுகளில் இந்த வழக்கம் உண்டு. காணொளியிடம் யார் கேட்பது? எனவே, வகுப்பின் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரின் பணியறையையும் அவர்கள் சம்மதத்துடன் கேமரா வழியே பயிற்றுநர் பார்த்துவிட வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் தொலைபேசி மூலமாவது வகுப்பில் சேரும் வசதியும் வேண்டும்.

— வாசகர், கோத்தகிரி