குழந்தை பொறந்தாச்சு, மாத்திரை நிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எச்ஐவி பத்தி பேப்பர்ல வர்றதெல்லாம் டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினத்தை ஒட்டி தான் வருது, அதுலயும் கர்ப்பிணிங்க டெஸ்ட் எடுத்துக்கோங்க, மாத்திரை சாப்பிட்டா குழந்தைக்கு வராதுன்னு சொல்லி முடிச்சிடறாங்க. சொல்றது பெரும்பாலும் சரி தான். ஆனா பொறந்த அப்புறம் மாசக்கணக்கா அந்தக் குழந்தை பால் குடிக்குதே, அந்தக் காலத்தைப் பத்தி ஒரு வரி கூட காணோம். எச்ஐவி உள்ள அம்மாக்களுக்கு கவுன்சிலிங் குடுக்கறது என் வேலை, அந்த ஆதங்கத்துல தான் எழுதறேன்.

கர்ப்பமா இருக்கறப்ப மாத்திரையை ஒரு நாள் கூட விடாத பொண்ணுங்க, பிரசவம் ஆனதும் விட ஆரம்பிக்கறாங்க. அலட்சியம்னு நினைக்காதீங்க. தூக்கம் கிடையாது, வீடு பூரா ஆளுங்க, யாராவது டப்பாவைப் பாத்துட்டா என்ன பதில் சொல்றதுன்னு மாத்திரையை மட்டும் தனியா எடுத்து பேப்பர்ல மடிச்சு துணிக்கு நடுவுல சொருகி வைக்கறாங்க, ராத்திரி ரூம்ல யாராவது படுத்திருந்தா அன்னிக்கு மாத்திரை போச்சு. குழந்தை எத்தனை தடவை பால் குடிச்சுதுன்னு எல்லாரும் கேக்கறாங்க, நீ மாத்திரை போட்டியாம்மான்னு கேக்க ஒரு ஆள் இல்ல. மாத்திரை நின்னா ரத்தத்துல வைரஸ் திரும்ப ஏறும், ரத்தத்துல ஏறினா பால்லயும் ஏறும், அவ்ளோ தான் விஷயம்.

ஒண்ணுமே செய்யாம விட்டா கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் எல்லாம் சேத்து 15ல இருந்து 45 சதவீதக் குழந்தைங்களுக்கு தொற்று வரும்னு கணக்கு. ஆனா ஆப்பிரிக்க நாடுகள்லயும் இந்தியாவுலயும் 2,400க்கும் மேல அம்மா-குழந்தை ஜோடிகளை வச்சு நடந்த ப்ராமிஸ் ஆய்வுல, அம்மா மாத்திரை சாப்பிட்டாலும் சரி, குழந்தைக்கு தினமும் நெவிரபின்ங்கற எச்ஐவி மருந்து சிரப் குடுத்தாலும் சரி, பால் குடிச்ச குழந்தைங்கள்ல 1 வயசுக்குள்ள தொற்று வந்தது 1 சதவீதத்துக்கும் கம்மி. பூஜ்யம்னு சொல்ல மாட்டேன், ஏன்னா பூஜ்யம் இல்ல, அதை அம்மாக்கள்கிட்ட மறைக்கவும் கூடாது. ஆனா இவ்வளவு தூரம் இறக்க முடியும்ங்கறது எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

பவுடர் பாலே குடுத்துடலாமேன்னு கேப்பாங்க. சுத்தமான தண்ணி, பாட்டிலைக் கொதிக்க வைக்க வசதி, மாசாமாசம் குறையில்லாம பவுடர் வாங்க காசு, இதெல்லாம் நிச்சயமா இருந்தா குடுக்கலாம், பால் வழியா தொற்று வர வாய்ப்பே இருக்காது. இல்லாட்டி என்ன ஆகும்ங்கறதுக்கு போட்ஸ்வானா இருக்கு. அங்க எச்ஐவி உள்ள அம்மாக்களோட குழந்தைங்களுக்கு அரசாங்கமே இலவசமா பவுடர் குடுத்துச்சு, 2006ல பலத்த மழை வந்து தண்ணி கெட்டு வயித்துப்போக்கு பரவினப்ப நிறைய குழந்தைங்க செத்துப்போச்சு, அதுல தாய்ப்பால் குடிக்காத குழந்தைங்க தான் ரொம்ப அதிகம். எச்ஐவிக்கு பயந்து குடுத்த பால்ல வேற நோய் வந்து குழந்தை போறது எவ்வளவு பெரிய கொடுமை. அதனால எந்தப் பால்னு அந்த அம்மாவும் டாக்டரும் உக்காந்து பேசி முடிவு பண்ணட்டும், பக்கத்து வீட்டுல முடிவு பண்ண வேணாம்.

தாய்ப்பால்னு முடிவானா முதல் 6 மாசம் வேற எதுவும் வேணாம், தண்ணி கூட வேணாம். பால் பத்தலன்னு பெரியவங்க பாசத்துல பவுடரோ சர்க்கரைத் தண்ணியோ நடுநடுவுல ஊத்தறாங்க, பிஞ்சுக் குடலோட உள்பக்கம் புண்ணாகி வைரஸ் நுழைய வழி ஆயிடலாம். 1999லயே தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல நடந்த ஆய்வு, கலந்து குடிச்ச குழந்தைங்களை விட தாய்ப்பால் மட்டும் குடிச்ச குழந்தைங்களுக்கு தொற்று கம்மின்னு காட்டிச்சு, அது அம்மாக்களுக்கு இப்ப மாதிரி தினசரி மாத்திரை கிடைக்காத காலம். சரி, ஏற்கனவே கலந்து குடுத்தாச்சா, பதறிப்போய் தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, மாத்திரை ஒழுங்கா போயிட்டிருந்தா தொடரலாம்னு உலக சுகாதார நிறுவனமே 2016ல சொல்லியிருக்கு. 6 மாசத்துக்கு மேல மத்த உணவு சேத்துக்கிட்டு ஒரு வருஷமாவது குடுக்கலாம், 2 வருஷம், அதுக்கு மேலயும் குடுக்கலாம்னும் அதுல இருக்கு.

காம்புல வெடிப்பு, ரத்தம், பால் கட்டி சீழ், குழந்தை வாய்ல புண், இதுல எது இருந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போகணும். அதுவரைக்கும் அந்தப் பக்கப் பாலை பீச்சிக் கொட்டிட்டு நல்லா இருக்கற பக்கம் குடுக்கலாம்.

கர்ப்பத்துல நெகடிவ்னு வந்த அம்மாவுக்கு பால் குடுக்கற காலத்துல புதுசா தொற்று வந்தா இன்னும் ஆபத்து, அப்ப தான் ரத்தத்துல வைரஸ் எக்கச்சக்கமா இருக்கும், அவங்களுக்கே தெரியாது, மாத்திரையும் இருக்காது. அதனால புருஷனுக்கும் டெஸ்ட் எடுக்கணும், ரிஸ்க் இருந்தா காண்டம் போடணும், அம்மாவுக்கு மறுபடி டெஸ்ட் பண்ணணும். இதைப் பேச கூச்சப்பட்டா நஷ்டம் குழந்தைக்கு.

டெஸ்ட் விஷயத்துல தான் நிறைய பேர் ஏமாந்துடறாங்க. வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கற ஆன்டிபாடியைத் தேடற சாதாரண டெஸ்ட் சின்னக் குழந்தைக்கு உதவாது, அம்மாவோட ஆன்டிபாடி குழந்தை உடம்புல 18 மாசம் வரைக்கும் கூட இருக்கும். 6 வாரத்துல குதிகால்ல குத்தி ரத்தச் சொட்டை கார்டுல காய வச்சு அனுப்பற டெஸ்ட் வேற, அது வைரஸையே தேடும். அதுல நெகடிவ்னு வந்ததும் தப்பிச்சோம்டா சாமின்னு அப்புறம் பல பேர் வர்றதே இல்ல, பால் மட்டும் தொடர்ந்து போகுது. தொற்று வந்து சிகிச்சை இல்லாத குழந்தைங்கள்ல பாதி 2 வயசைத் தாண்டறதில்ல, அதனால தான் விட்டுடாதீங்கன்னு இவ்வளவு கத்தறோம்.

எனக்கு வேண்டியது ஒரு சின்ன பெட்டிச் செய்தி, டிசம்பர் வரைக்கும் காத்திருக்காம இந்த மாசமே போடுங்க. பால் குடுக்கற வரைக்கும் மட்டுமில்ல, அதுக்கப்புறமும் ஆயுசு பூரா அம்மா மாத்திரையை விடக்கூடாது. குழந்தைக்கு சிரப் டாக்டர் சொன்ன அத்தனை வாரமும் குடுக்கணும். கடைசி டெஸ்ட் 18 மாசத்துல, இல்ல பால் நிறுத்தி 3 மாசம் கழிச்சு, ரெண்டுல எது பின்னாடி வருதோ அப்ப.

இப்படிக்கு,
பேர் போட வேணாம்னு கேட்டுக்கற ஒரு வாசகி