பெயர் தெரியாத தாதி மிஸ்ஸிக்கு நன்றி

ஏ9 வீதியில் இரவு மாட்டோடு மோதி விழுந்த பெடியனை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து இறக்கும்போது அவன் குறட்டை விட்டபடி கிடந்தான். கூட வந்தவர்கள் அதைக் கேட்டு ஆறுதல்பட்டார்கள். நீங்கள் ஓடி வந்தீர்கள் மிஸ்ஸி. மயங்கிக் கிடப்பவரின் குறட்டை, நாக்கு பின்னால் சரிந்து மூச்சுவழியை அடைக்கிற சத்தம்.

கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்பதால் தலையைச் சரிக்காமல், தாடையின் இரண்டு மூலையிலும் விரல் கொடுத்துக் கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளினீர்கள். வாயில் நின்ற இரத்தத்தை 10 விநாடிக்குள் உறிஞ்சி எடுத்தீர்கள். நாக்கு பின்னால் சரியாமல் தாங்கும் வாய்க்குழாயை வாயோரத்திலிருந்து தாடை மூலைவரை பிடித்து அளந்த பிறகுதான் போட்டீர்கள். அளவு சிறிதானால் அது நாக்கையே பின்னுக்குத் தள்ளிவிடும்.

மூச்சு மந்தமானதும் அம்பு பாக், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற பை. மாஸ்க்கை இரண்டு கையாலும் நீங்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அமுக்குவதற்கு அற்றெண்டனைக் கூப்பிட்டீர்கள். "6 விநாடிக்கு ஒருக்கா அண்ணை, நெஞ்சு எழும்பினாக் காணும்." அந்தச் சொல்லுக்குத்தான் முதல் நன்றி. பதற்றத்தில் வேகமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குள் போகும், வாந்தி எழும்பி நுரையீரலுக்குள் இறங்கும். ஒட்சிசனை 15 லீற்றரில் திறந்து, அம்பு பாக்கோடு இருக்கிற ஒட்சிசன் சேமிப்புப் பை உப்பி நிற்கிறதா என்றும் தொட்டுப் பார்த்தீர்கள்.

டொக்டர் வரும்போது மூச்சுக்குழாய்க்குள் போடுகிற ட்யூப், தொண்டையைப் பார்க்கிற லைட், உறிஞ்சி எல்லாம் தலைமாட்டில் தயார். ஒருவரும் கேட்காமலே எடுத்து வைத்திருந்தீர்கள்.

பெடியனின் அம்மா உங்களைத் தேடுகிறா. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வேலை செய்கிறவர்கள் இதை அந்த மிஸ்ஸியிடம் சேர்த்துவிடுங்கோ. மிச்சம் நன்றி மிஸ்ஸி.