குறைந்த செலவில் எடுத்த திகில் படங்களும் பட்டியலில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் அக்டோபர் 31 ஹாலோவீன் பண்டிகையை முன்னிட்டுத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான திகில் படப் பட்டியலைப் படித்தேன். அதில் இருந்தவை ஏறக்குறைய எல்லாமே அண்மைக் காலத்தில் பெரும் பொருட்செலவில் வந்தவை. அவற்றைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும், அமெரிக்கர்கள் இந்த நாளில் ஆண்டுதோறும் எடுத்துப் பார்க்கும் பழைய படங்கள் பலவும் கையில் காசில்லாதவர்கள் எடுத்தவை. அந்தத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அவர்கள் கண்டுபிடித்த வழிகளே அவற்றைப் பயங்கரமாக்கின. அத்தகைய நான்கு படங்களைத் தங்கள் வாசகர்களுக்குப் பரிந்துரைக்க விரும்புகிறேன்.

பண்டிகையின் பெயரையே தாங்கிய 1978ஆம் ஆண்டு 'ஹாலோவீன்' பட்டியலில் இல்லாதது எனக்குப் பெரும் வியப்பு. ஜான் கார்ப்பென்டர் 3 லட்சம் டாலரைச் சற்றே தாண்டிய செலவில் எடுத்த படம் அது. கதை இல்லினாய் மாநிலத்தில் உள்ளதாகச் சொல்லப்படும் ஒரு கற்பனை ஊரில், இலையுதிர்காலத்தில் நடக்கிறது. படப்பிடிப்போ கலிஃபோர்னியாவில், வசந்த காலத்தில் நடந்தது. எனவே இலைகளுக்குப் பழுப்புச் சாயம் பூசித் தெருவில் தூவினார்கள். காட்சி முடிந்ததும் அவற்றையே கூட்டி அள்ளி, அடுத்த காட்சிக்கு மறுபடியும் தூவினார்கள். கூர்ந்து பார்த்தால், தரையில் சருகு பறக்கும்போது மரங்கள் பச்சையாகவே நிற்பதைக் காணலாம். கொலைகாரனின் முகமூடி, 'ஸ்டார் டிரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகத்தைப் போல் வார்த்து, கடையில் மலிவாக விற்கப்பட்டது. கண் துளைகளைப் பெரிதாக வெட்டி, வெள்ளைச் சாயம் அடித்ததும் அது எவருடைய முகமாகவும் இல்லாமல் போயிற்று. கோபம், வெறி, வருத்தம் ஏதாவது ஒன்று அந்த முகத்தில் தெரிந்திருந்தால் நமக்கு இவ்வளவு அச்சம் எழுந்திருக்காது. இசையமைப்பாளரை அமர்த்தப் பணமும் நேரமும் இல்லாததால் இயக்குநரே இசையமைத்தார். ஐந்து அடிகள் கொண்ட தாளம் அது. நான்கில் முடியும் என்று காது எதிர்பார்க்க, ஒவ்வொரு முறையும் ஓர் அடி மிஞ்சுவதால் மனம் நிலைகொள்ளாமல் தவிக்கிறது. இத்தனைக்கும் படத்தில் ரத்தம் மிகக் குறைவு. நம் பேய்ப் படங்களில் பேய் ஏன் பழிவாங்குகிறது என்பதற்கு இடைவேளைக்குப் பின் ஒரு ஃபிளாஷ்பேக் கட்டாயம் வரும். அந்த ஆறுதலைக் கார்ப்பென்டர் நமக்குக் கொடுப்பதில்லை.

இரண்டாவது, 1942இல் வந்த 'கேட் பீப்பிள்'. தயாரிப்பாளர் வால் லூட்டனுக்கு ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ விதித்த நிபந்தனைகள் கடுமையானவை: செலவு ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டக்கூடாது, படம் 75 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், தலைப்பை ஸ்டூடியோவே தரும். சிறுத்தையாக மாறிவிடுவோமோ என்று அஞ்சும் ஒரு பெண்ணின் கதையை அவரும் இயக்குநர் ஜாக் டூர்னரும் பெரும்பாலும் நிழலையும் ஒலியையும் கொண்டே சொன்னார்கள். பூங்காச் சுவரை ஒட்டிய சாலையில் ஒருத்தி இரவில் தனியே நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் குதிகால் செருப்பொலி கேட்கிறது. சட்டென்று அது நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் நடையை எட்டிப் போடுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், எவரும் இல்லை. உறுமலோடு ஏதோ பாய்கிறது என்று நாம் நாற்காலியில் பின்வாங்கும் நொடியில், திரையின் ஓரத்திலிருந்து ஒரு பேருந்து பிரேக் சீறலோடு வந்து நிற்கிறது. இப்படிப் பொய்யாகத் திடுக்கிட வைக்கும் உத்தியைத் திரைத்துறையினர் இன்றும் 'லூட்டன் பஸ்' என்றே அழைக்கிறார்கள். இன்றைய படங்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இதைச் செய்து சலிப்பூட்டுகின்றன என்பது வேறு விஷயம்.

'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962) பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கான்சாஸ் மாநிலத்தில் கல்விப் படங்களும் தொழிற்சாலைகளுக்கான படங்களும் எடுத்துவந்த ஹெர்க் ஹார்வி, யூட்டாவின் பெரிய உப்பு ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்டேர் கேளிக்கை மண்டபத்தைப் பார்த்ததும் எழுந்த எண்ணம்தான் படமாயிற்று. வெளுத்த முகத்தோடு கதாநாயகியைத் தொடர்பவராக நடித்தவரும் அவரே. நடிப்பில் ஆங்காங்கே தடுமாற்றம் உண்டு. அந்த மண்டபத்துக் காட்சிகளுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நான்காவது படத்தைப் பற்றித்தான் தங்கள் கவனத்தைக் குறிப்பாக வேண்டுகிறேன். ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டி எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' 1968 அக்டோபரில் வெளியாயிற்று. விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்துவந்தவர்கள் அவர்கள். கருப்பு வெள்ளைப் படம் என்பதால் சாக்லேட் பாகே ரத்தமாயிற்று. உயிர்பெற்று நடமாடும் பிணங்கள் சூழ்ந்த ஒரு பண்ணை வீட்டுக்குள் அடைபட்டவர்களிடையே நடக்கும் சண்டை, வெளியே நிற்கும் பிணங்களைக் காட்டிலும் அச்சமூட்டுகிறது. டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகரைக் கதாநாயகனாக்கியதும், அவருக்கு நேரும் முடிவும் (இங்கே அதைச் சொல்லமாட்டேன்) அன்றைய அமெரிக்காவைப் பார்வையாளர்களுக்கு முன்னால் நிறுத்தின. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால், அன்றைய சட்டப்படி அமெரிக்காவில் அந்தப் படம் எவருக்கும் உரிமையற்ற பொதுச்சொத்தாகிவிட்டது. இன்று அதை இங்கே இலவசமாக, சட்டத்துக்கு உட்பட்டே பார்க்கலாம்.

அமெரிக்கத் திரைப்படச் சங்கத்தின் வயது வகைப்பாடு நடைமுறைக்கு வந்தது 1968 நவம்பரில். அதற்குச் சில வாரங்கள் முன்பே வந்துவிட்ட இந்தப் படத்தைப் பகல் காட்சியில் சிறுவர்கள் கூட்டமாகப் பார்த்தார்கள். அரங்கில் குழந்தைகள் உறைந்துபோய் அழுததை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அப்போதே எழுதியிருக்கிறார். தங்கள் பட்டியலில் எந்தப் படத்துக்கும் வயதுக் குறிப்பு இல்லை. வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கித் திரும்பும் பத்து வயதுப் பிள்ளையும், கல்லூரியில் படிக்கும் அக்காவும் ஒரே சோபாவில் அமரும் இரவு இது. நான் குறிப்பிட்டவற்றுள் 'கேட் பீப்பிள்' படத்தைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு தயங்காமல் பார்க்கலாம் என்பது என் கருத்து. 'ஹாலோவீன்', பதினேழு வயதுக்குக் குறைந்தோர் பெரியவர் துணையோடு மட்டுமே பார்க்கலாம் என்ற வகையைச் சேர்ந்தது. ரொமேரோவின் படத்தைச் சிறுவர்கள் உறங்கிய பிறகே போட வேண்டும்.

அடுத்த ஆண்டுப் பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் எதிரே வெளிவந்த ஆண்டு, ஓடும் நேரம், வயது வகைப்பாடு ஆகியவற்றையும், பொதுச்சொத்தாகிவிட்ட படமாயின் அந்தத் தகவலையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
எடிசன், நியூ ஜெர்சி