பழைய ஆங்கிலம் படிக்க உட்கார்ந்த நண்பனுக்கு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டதில் நிம்மதி. இங்கு எல்லாரும் சுகம். ஓய்வு பெற்ற கையோடு ஜேம்ஸ் மன்னர் பைபிளையும் (1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு) ஷேக்ஸ்பியரையும் எடுத்துவிட்டாய் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

தெரியாத சொற்களுக்கு ஒரு நோட்டு போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். வைத்துக்கொள். ஆனால் தெரியாத சொல் வந்தால் எப்படியும் அகராதியைப் புரட்டிவிடுவாய். தெரிந்த சொல் பழைய பொருளில் வரும்போதுதான் ஆபத்து. வாக்கியம் ஏதோ ஒரு பொருளைத் தந்துவிடும், நீயும் நிற்காமல் கடந்துவிடுவாய்.

'லெட்' என்ற சொல்லையே பார். ரோமர் 1:13இல் பவுல், உங்களிடம் வரப் பலமுறை எண்ணினேன், இதுவரை 'லெட்' செய்யப்பட்டேன் என்கிறார். தடைபட்டேன் என்று பொருள். விடுவதற்கு ஒன்று, தடுப்பதற்கு ஒன்று என இரண்டு வினைச்சொற்கள் அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய ஆங்கிலத்தில் தனித்தனியாக இருந்தன. நாளடைவில் ஒலி தேய்ந்து இரண்டும் ஒரே உருவமாகிவிட்டன. ஷேக்ஸ்பியர் நாடகத்தில், தந்தையின் ஆவியின் பின்னே போகவிடாமல் பிடித்துக்கொள்ளும் நண்பர்களிடம், என்னை 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்று ஹாம்லெட் சீறுவதும் இந்தப் பொருளில்தான். உன் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்: குடியரசுத் தலைவரின் பெயரால் வைத்த வேண்டுகோளில், இவரை எந்தத் தடையும் இல்லாமல் செல்லவிடுங்கள் என்ற இடத்தில் அந்தப் பழைய 'லெட்' இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

இன்று தடுப்பதைக் குறிக்கும் 'பிரிவென்ட்' இன்னும் மோசம். லத்தீனில் அதற்கு முன்னே வருதல் என்று பொருள். சங்கீதம் 119:147இல் பாடுகிறவர் விடியலை 'பிரிவென்ட்' செய்தேன் என்கிறார், விடியுமுன்பே எழுந்துவிட்டாராம். 'மீட்' என்றால் எந்த உணவும்தான். ஆதியாகமம் 1:29இல் செடிகளும் கனிகளும் 'மீட்' ஆகின்றன. லேவியராகமம் 2ஆம் அதிகாரத்தில் வரும் 'மீட்' காணிக்கையில் மாவும் எண்ணெயும் சாம்பிராணியும்தான் உண்டு, இறைச்சியே கிடையாது. தமிழ் பைபிள் அதைப் போஜனபலி என்று சரியாகச் சொல்கிறது. 'கார்ன்' எந்தத் தானியமும் ஆகலாம், மக்காச்சோளம் என்று எடுத்துவிடாதே. 'பிரசென்ட்லி' என்றால் அந்தக் கணமே. ரோமியோவை நினைத்து ஜூலியட் சொல்லும் 'வேர்ஃபோர்' எங்கே என்று கேட்கவில்லை, ஏன் என்று கேட்கிறது. பகைக் குடும்பத்தின் பெயரை நீ ஏன் சுமக்கிறாய் என்பதுதான் அவள் துயரம். உன் தந்தையை மறுத்துவிடு, பெயரைத் துற என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிடுகிறாள்.

வாக்கியத்தில் ஒரு சொல் லேசாக உறுத்தினாலும் நின்றுவிடு. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் (1884இல் முதல் பகுதி, 1928இல் முழுமை) பொருள்கள் பழையதிலிருந்து புதியதற்கு வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் ஆண்டோடு மேற்கோள்கள் இருக்கும். 1600ஐ ஒட்டிய மேற்கோள்கள் எந்தப் பொருளின் கீழ் இருக்கின்றன என்று பார்த்து, அதை வாக்கியத்தில் வைத்துப் படி. வழக்கொழிந்த பொருளுக்கு முன் சிறு கத்திக்குறி (†) இருக்கும். வேர்ச்சொல்லை மட்டும் நம்பி இறங்கிவிடாதே. 'நைஸ்' என்பதன் லத்தீன் வேர் அறியாதவன் என்று சொல்லும், முதலில் மூடன் என்ற பொருளில்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆனால் ஷேக்ஸ்பியர் காலத்துக்குள் நுணுக்கமான, அற்பமான, எதிலும் குறைகாண்கிற என்று அது பல பக்கம் கிளைத்துவிட்டது. நமக்கு வேண்டியது அந்த ஆண்டின் பொருள்.

'தௌ' (thou) என்ற பழைய சொல்லைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஜெபத்தில் வருவதால் அது மரியாதைச் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் 'நீ'தான். தமிழில் உம்முடைய நாமம் என்று சொல்லும் இடத்தில் ஆங்கிலம் உன் நாமம் என்கிறது. ஷேக்ஸ்பியரில் நெருக்கம், அதட்டல், அவமதிப்பு எல்லாவற்றுக்கும் 'தௌ' வரும். 1603இல் கடலோடி வால்ட்டர் ராலியின் தேசத்துரோக விசாரணையில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், துரோகி, உன்னை 'தௌ' என்றே அழைக்கிறேன் என்று கத்தினார். பைபிளில் இந்த ஏற்ற இறக்கம் கிடையாது, ஒருமை பன்மை மட்டுமே. லூக்கா 22:31, 32இல் இயேசு பேதுருவிடம் சொல்வதைப் பார்: சாத்தான் உங்களைப் புடைக்க உத்தரவு கேட்டான், நானோ உனக்காக வேண்டிக்கொண்டேன். ஆபத்து சீடர்கள் எல்லாருக்கும், வேண்டுதல் பேதுருவுக்கு. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே 'யூ'. தமிழ் வாசகனுக்குக் காது ஏற்கெனவே பழகியிருக்கிறது, அதனால் இந்த இடங்களை நீ சட்டென்று பிடித்துவிடுவாய்.

1611இன் நகல் பதிப்பைத் தேடி அலையாதே. அதில் சொல்லின் தொடக்கத்தில் 'யூ' (u) எழுத்துக்குப் பதில் 'வி' (v) இருக்கும், நடுவில் வரும் 'எஸ்' நீண்டு 'எஃப்' போலத் தெரியும், வீணாகக் கண் வலிக்கும். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 1769இல் ஆக்ஸ்ஃபோர்டில் எழுத்துக்கூட்டலைச் சீர்செய்த பாடம்தான். மேலே சொன்ன சொற்கள் எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. உறுத்துகிற வாக்கியங்களை நோட்டில் தனிப்பக்கத்தில் எழுதி அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மணி