உயர்த்திய வண்டிக்கு டோ மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியருக்கு,

காட்டுப் பாதைக்காக லிஃப்ட் கிட் போட்டு உயர்த்திய வண்டிகள், சாதாரண ரோட்டில் வேகம் எடுத்ததும் நேராக ஓட மறுப்பதை அடிக்கடி பார்க்கிறோம். ஸ்டீயரிங் அலைகிறது, பள்ளத்தில் இறங்கினால் வெட்டுகிறது, சில வண்டிகளில் முன் சக்கரங்கள் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. இதற்குப் பல இடங்களில் செய்வது இரண்டே வேலைதான். அலைன்மென்ட் மெஷினில் ஏற்றி டோவை, அதாவது முன் சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை, சரிசெய்வார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் கனமான ஸ்டீயரிங் டேம்பர் மாட்டுவார்கள். டோ திருத்துவது கடைசி வேலை. அதை முதலில் செய்து பயனில்லை. டேம்பரோ கோளாறை மறைத்துவிடும், அடியில் தேய்மானம் தொடர்ந்துகொண்டே இருக்கும். எதிரில் வருகிறவரின் உயிரும் இதில் இருப்பதால்தான் இதைப் பொதுவில் எழுத வேண்டியிருக்கிறது.

முன்பக்கம் முழு ஆக்சில், அதாவது இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே ஆக்சில், உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். உயர்த்தும்போது முதலில் பறிபோவது கேஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். ஆக்சிலைப் பிடிக்கும் ரேடியஸ் ஆர்மின் நீளம் 900 மி.மீ. என்றால், 50 மி.மீ. உயர்த்தியதும் அந்த ஆர்ம் ஏறக்குறைய 3 டிகிரி சாய்கிறது. ஆக்சிலும் அதோடு சேர்ந்து உருண்டு, சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளின் மேல்பகுதி முன்னால் சாய்ந்துவிடும். வண்டிக்குக் கம்பெனி கொடுத்த கேஸ்டரே 3 டிகிரி சுமாருக்குத்தான் என்றால், மிச்சம் ஒன்றும் இருக்காது. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாததும், நேர் ரோட்டில் ஓயாமல் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருப்பதும் இதன் அடையாளம். கேஸ்டர் குறைந்தால் டயர் பெரிதாகத் தேயாது. அதனால் டயரை மட்டும் பார்த்து முடிவு சொல்கிறவர் கண்ணில் இது படாது.

அடுத்தது பேன்ஹார்ட் ராட், அதாவது ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி. 850 மி.மீ. ராடின் ஒரு முனை சேசிஸிலும் மறுமுனை 100 மி.மீ. கீழே ஆக்சிலிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. உயர்த்தினால் ராட் இன்னும் செங்குத்தாகி, ஆக்சிலைச் சேசிஸ் முனை இருக்கும் பக்கமாக 7 மி.மீ.க்கு மேல் இழுத்துவிடும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ராட் போட்டால் இது தீரும். சேசிஸ் பக்கத்துப் பிராக்கெட்டை மட்டும் கீழே இறக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: பேன்ஹார்ட் ராடும், ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தாக வேண்டும். ஒன்று சரிந்தும் மற்றது படுத்தும் இருந்தால், ஸ்டீயரிங்கைத் தொடாமலே ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் திரும்பும்.

சோதனையை அளவுகோலில் தொடங்கக் கூடாது, ஆட்டத்தில் தொடங்க வேண்டும். தேய்ந்த ஜாயின்ட்டை வைத்துக்கொண்டு எடுக்கும் எந்த அளவும் பொய். சக்கரங்கள் தரையில் இருக்க, எஞ்சின் ஓட, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக ஆட்டட்டும். இன்னொருவர் கையை நசுங்கும் இடத்தில் வைக்காமல் டை ராட் எண்ட் (இரு சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை), டிராக் லிங்க், பேன்ஹார்ட் ராடின் இரு முனை போல்ட்டுகள், ஸ்டீயரிங் பாக்ஸ் சேசிஸோடு சேரும் இடம் என வரிசையாகப் பார்க்க வேண்டும். போல்ட் தன் ஓட்டைக்குள் அசைந்தால் ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது என்று பொருள். எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. சக்கரம் படபடக்கும் வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பேன்ஹார்ட் போல்ட்டுகளையும், இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களையும்தான். பிறகு ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் நக்கிள் திரும்பும் மூட்டான பால் ஜாயின்ட் அல்லது கிங்பின்.

அளக்கும் முன் நான்கு டயரிலும் சரியான காற்று, சமதரை, வழக்கமான சுமை. ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு அளக்கக் கூடாது. முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டினால்தான் சஸ்பென்ஷன் தன் இயல்பான உயரத்துக்கு உட்காரும். புஷ் போல்ட்டுகளையும் இந்த உயரத்தில்தான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கியிருந்தால் ரப்பர் முறுக்கேறி நின்று உயரத்தையே மாற்றிக் காட்டும், சீக்கிரம் கிழியவும் செய்யும்.

ஹப் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இருபுறமும் உயரத்தைப் பாருங்கள். பிறகு சேசிஸின் ஒரே மாதிரியான இரண்டு இடங்களிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, டயர் வெளிப்பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளங்கள். இரு பக்கத்துக்கும் 15 மி.மீ. வித்தியாசம் வந்தால் ஆக்சில் நகர்ந்திருப்பது அதில் பாதி, 7.5 மி.மீ. இதை மறந்து ராடை முழு 15-க்கும் நீட்டி, எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவது சகஜம். முன் ஹப்புக்கும் பின் ஹப்புக்கும் உள்ள தூரத்தையும் இரு பக்கமும் ஒப்பிடுங்கள். கணிசமாக வேறுபட்டால் ஆர்ம் வளைந்திருக்கலாம், புஷ் போயிருக்கலாம்.

கேஸ்டருக்கு நக்கிளின் கடைசல் பிடித்த தட்டைப் பரப்பில் டிஜிட்டல் கோணமானியை வைத்து, உயர்த்தும் முன்பும் பின்பும் குறித்துக்கொள்வதே நல்ல வழி. இழந்ததை மீட்க ஆஃப்செட் புஷ், கீழிறக்கும் பிராக்கெட், திருத்திய ஆர்ம் எல்லாம் உண்டு. ஆனால் ஆக்சிலைப் பின்னால் உருட்டும்போது, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் மூக்கு தாழும். அளவு மீறினால் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிரும். கேம்பரை, அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணத்தை, இந்த வண்டிகளில் லிஃப்ட் கிட் மாற்றாது. முழு ஆக்சில் வண்டியில் மெஷின் கேம்பர் தவறு என்று காட்டினால், ஆக்சில் வளைவையோ பால் ஜாயின்ட் தேய்மானத்தையோ தேடுங்கள்.

இப்போதுதான் டோ. இங்கே பெரிய டயர் ஏமாற்றும். 700 மி.மீ. விட்டமுள்ள டயரில் 2 மி.மீ. காட்டும் அதே கோணம், 840 மி.மீ. டயரில் 2.4 மி.மீ. காட்டும். ஆகவே டிகிரியில் பேசுவதே சரி. ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்றால் அதைக் கழற்றி நேராக மாட்டாதீர்கள். ஸ்டீயரிங் பாக்ஸின் நடுப்புள்ளியில்தான் ஆட்டம் மிகக் குறைவாக வைத்திருப்பார்கள். டிராக் லிங்க் நீளத்தைத் திருத்தி அந்தப் புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். கோண சென்சார் உள்ள வண்டியில் அதையும் மறுபடி அளவமைக்க வேண்டும்.

இரு முன் சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும் தனித்தனி சஸ்பென்ஷன் வண்டிகளில் கதை வேறு. உயர்த்தினால் கேம்பர், கேஸ்டர், டோ மூன்றும் நகரும். டோ எந்தப் பக்கம் போகும் என்பது சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ராக், சக்கர அச்சுக்கு முன்னால் உள்ளதா பின்னால் உள்ளதா என்பதைப் பொறுத்தது. கீழ் ஆர்மின் நிலையைத் திருத்தும் கேம் போல்ட் கடைசி வரை திரும்பியும் அளவு வராவிட்டால், மேல் ஆர்மை மாற்றாமல் வேறு வழியில்லை.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால், சுழலும் திசை குறிக்காத டயராக இருக்கும்பட்சத்தில், முன் டயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில்.

லிஃப்ட் கிட் பொருத்தித் தருகிறவர்களிடம் எங்கள் கோரிக்கை: வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த கேஸ்டர், கேம்பர், டோ அளவுகளைத் தாளில் அச்சிட்டு வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். வண்டி எடுத்துச் செல்கிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். முதல் 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து மறுபடி சரிபாருங்கள்.

இப்படிக்கு,
சஸ்பென்ஷன் வேலை செய்யும் வாசகர்கள்